சொட்டாத துணி

சாவியைக் கொடுக்கும்போதே ஏகாம்பரம் சார் சொன்னார்:
மரம்னு நெனைக்காதீங்கம்மா.
மேல மரம் மாதிரி ஒரு படம், அவ்ளோதான்.
உள்ள அமுக்கி வெச்ச தூள்.
தண்ணி நின்னா ரஸ்க் மாதிரி ஊதிடும்.
ஊதினா அட்வான்ஸ்ல கழிப்பேன்.

திருவொற்றியூர், மூன்றாவது மாடி,
அறுபதாயிரம் அட்வான்ஸ்.
அன்றிலிருந்து ஒரு படத்தின் மேல் நடக்கிறோம்
மூன்று பேர்.

வடக்குக் காற்று அடித்தால் சாம்பல் வரும்,
ஜன்னல் மூடியிருந்தாலும் வரும்.
கண்ணுக்குத் தெரியாது,
உள்ளங்காலுக்குத்தான் தெரியும்.
அதன் மேல் ஈரத்துணி போட்டால்
உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி கோடு விழும்.
ஆகவே முதலில் பூந்துடைப்பம்,
பலகை ஓடும் திசையிலேயே.
பிறகுதான் துணி.

துணி என்றால் டில்லிபாபுவின் பழைய டீ-சர்ட்,
கண்டெய்னர் யார்டின் பேர் பாதி அழிந்தது.
வாளியில் நனைத்து
அவர் ஒரு முனை, நான் ஒரு முனை,
எதிரெதிராக முறுக்குவோம்.
சண்டை போட்ட நாளில் இன்னும் நன்றாகப் பிழியும்.
தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன்.
ஒரு சொட்டு விழுந்தாலும்
மறுபடி முறுக்கல்.

வெள்ளிக்கிழமை மட்டும் கை பரபரக்கும்,
சிமெண்ட் தரையில் பழகிய கை.
ஒரு பக்கெட்டை அப்படியே கவிழ்த்து
தென்னந்துடைப்பத்தால் வாசல்வரை தள்ளினால்தான்
அதற்கு வீடு கழுவினதாகக் கணக்கு.
அதனிடம் சொல்வேன்:
கம்முனு இரு. அறுபதாயிரம்.

சிலிண்டர் போடும் பையன் உருட்டியே பழகியவன்.
மூன்று மாடி தூக்கி வந்தவனிடம்
இன்னும் நாலு எட்டு தூக்கு என்று சொல்ல
வாய் வரவில்லை. கோணியை விரித்தேன்.
இன்னாக்கா, சிலிண்டருக்கு இவ்ளோ மரியாதையா என்றான்.
கோணியில் உட்கார்ந்தபடி
அது சமையலறைக்குள் ஊர்வலம் போனது.

பீரோவின் காலுக்குக் கம்பளித் துண்டு.
நாற்காலிகளுக்கு
மோனிஷாவுக்குச் சின்னதாகிப்போன ஸ்கூல் சாக்ஸ்.
அவள் காம்பஸ் விழுந்த கீறலுக்கு
அவளுடைய பிரவுன் கிரேயானையே உருக்கி அடைத்தேன்.
அதற்குப் பிறகு அவள் வரைகிற மரங்களுக்கெல்லாம்
நீல நிற அடிமரம்.

டிசம்பர் புயலில் இரண்டு நாள் கரண்ட் இல்லை.
தெருவில் முழங்கால் தண்ணீர்.
பால்கனியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
வந்தால் கீழிருந்துதான் வரும் என்று.
அது ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து வந்தது,
வஞ்சிரத் துண்டுகளைத் தாண்டி,
சத்தமே இல்லாமல்.

விடிந்தபோது
இரண்டு பலகைகளின் ஓரம் உதட்டைப் பிதுக்கியிருந்தது.
நியூஸ்பேப்பரால் விசிறினேன். ஒரு பலகைக்கு.
இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை ஏற்றி வைத்தேன்,
ஒரு வாரம்.
இறக்கிப் பார்த்தால் அதே உதடு.
மீன் வாசனை மட்டும் போயிருந்தது.

ஐந்தாம் தேதி
ஏகாம்பரம் சார் வாடகைக்கு வந்தார்.
ஓடிப்போய் அந்தப் பலகை மேல் நின்றுகொண்டேன்.
குதிகாலில் மேடு குத்தக் குத்த
மோட்டார் பற்றி, மெட்ரோ பற்றி,
அவர் மருமகன் வாங்கின வண்டி பற்றி.
உட்காருங்க சார்.
பரவால்லம்மா.
பால்கனிக் கதவோரம்
கால்மிதி மேலேயே நின்றார்.
வீட்டோடு சேர்த்து அவர் கொடுத்தது அது,
நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி.
வழுக்கும்மா, எடுக்காதீங்க.

கால் மணி நேரம்
அவரும் நகரவில்லை, நானும் நகரவில்லை.

படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும்
ஒரு ஓரத்தை மெல்லப் பிரித்தேன்.
மூன்று பலகைகள்.
என்னுடையதைவிடப் பெரிய உதடுகள்,
பழசு, கறுத்துப்போனது.

டேப்பைத் திரும்ப ஒட்டி
கட்டைவிரலால் அழுத்தினேன்.
வாசல்வரை அவருடைய காலடி, சாம்பலாக.
பூந்துடைப்பத்தை எடுத்தேன்.
பிறகு டில்லிபாபுவைக் கூப்பிட்டேன்,
துணியின் இன்னொரு முனையைப் பிடிக்க.
இன்னா சிரிக்கிற, என்றார்.
முறுக்குங்க, என்றேன்.